வெஃகல் என்ற சொல்லுக்கு என் பொருள்

மதுராந்தகம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள மில்லில் இன்று காலை யாரோ மிளகாய் அரைத்தார்கள். ஸ்கூல் பையோடு அந்த வழியாக வந்த நான் தும்மத் தொடங்கி, நிறுத்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மில்காரர் எட்டிப் பார்த்து, "தள்ளிப் போய் நில்லு பாப்பா, கண்ணுல தண்ணியா ஊத்துது பார்" என்றார். நான் தள்ளிப் போகவில்லை. நெடி ஏறுகிறதே, நல்லதுதானே என்று ஒரு நினைப்பு. அது உன் வீட்டு நினைப்பு. சுற்றிப் போட்ட மிளகாய் அடுப்பில் நெடி அடித்தால் திருஷ்டி இல்லை. நெடியே வராமல் கருகிப் போனால் யாரோ பலமாகக் கண் வைத்திருக்கிறார்கள். இதை எனக்குச் சொன்னவள் நீ.

நீ போய் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் முடிந்துவிட்டன. உனக்கு எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் அழகான வாக்கியங்களாக வந்தன. கிழித்துப் போட்டேன். நீ படித்தால், "இன்னாடி இது, போஸ்டர்ல போட்ற மாதிரி எழுதிக்கினு கீற" என்றிருப்பாய். இந்தத் தடவை அழகாக எழுத என்னிடம் எதுவும் இல்லை. ஒரு சொல்லின் பொருள் எனக்கு இப்போதுதான் முழுதாகத் தெரிந்திருக்கிறது. அதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

செங்கல்பட்டில் நம் பள்ளியில் காலை வழிபாட்டின்போது செய்தி வாசித்து முடிந்ததும் 'இன்று ஒரு சொல்' என்று ஒரு பகுதி உண்டு அல்லவா? ஒரு மாணவி மேடையேறி ஒரு சொல்லின் பொருளையும், அது எங்கிருந்து பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு அது வெயிலில் நிற்கும் நேரம். எனக்குத் திருவிழா. பத்தாம் வகுப்பில், ஆடி மாதத்தில், என் முறை வந்தது. தமிழம்மா எனக்குக் கொடுத்த சொல் பொறாமை.

நூலகத்திலிருந்து பெரிய அகராதியைக் கட்டித் தூக்கி நம் பெஞ்சுக்குக் கொண்டுவந்தேன். நீ என் டிபன் பாக்ஸைத் திறந்து பூரியைத் தின்றுகொண்டிருந்தாய். என் பெயரைச் சொல்லி நீ கூப்பிட்டதே இல்லை. உனக்கு நான் 'அகராதி'தான்.

"இன்னா அகராதி, இன்னா சொல்லு குட்தாங்க உனுக்கு?"

"பொறாமை."

"அத்துக்கு இம்மாம் பெரிய புக்கா? வவுத்தெரிச்சல்னு சொல்லிட்டு எறங்கி வா. மேட்டர் ஓவர்."

"பொருள் மட்டும் போதாது. வேர் சொல்லணும்."

"வேரா? செடியா அது?"

நான் ஆர்வமாக விளக்கினேன். பொறு என்றால் தாங்கு. தாங்க முடியாமல் போவது பொறாமை. அடுத்தவருக்கு ஒன்று கிடைத்திருப்பது நம் மேல் ஒரு பாரமாக இறங்குகிறது, அதைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. பாவம் என்றோ கெட்ட குணம் என்றோ எதுவும் அதற்குள் இல்லை என்றேன். நீ பூரியை மென்றபடி யோசித்தாய்.

"அப்ப மூட்ட தூக்க முடியலன்னா அதுவும் பொறாமையா? எங்கப்பா டெய்லி பொறாம புட்சிதான் வூட்டுக்கு வருது."

உன் அப்பா குட்டியானை வண்டியில் லோடு அடிப்பவர். இருவரும் சிரித்தோம். அகராதியில் பக்கத்துச் சொற்களையும் தேடினோம். அழுக்காறு என்றால் அழுக்கு ஓடும் ஆறு என்று நான் நினைத்திருந்தேன். தமிழம்மாவிடம் கேட்டபோது, "அப்படிப் பிரிச்சா மனசுல நிக்கும்னு சொல்லிக் குடுக்கிறது. வேர் அதுதானான்னு எனக்கு உறுதியாத் தெரியாதும்மா" என்றார். அப்புறம் வெஃகல். பிறருக்கு உரியதைத் தனக்கு வேண்டும் என்று விரும்புதல். நீ அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தாய்.

"நடுவுல மூணு கல்லு வெச்சுக்கினு கீதே, இன்னாது, அடுப்பா?"

நீ விளையாட்டாகச் சொன்னதுதான். நான் மட்டும் விடாமல் தேடினேன். வெம்மை என்ற சொல்லுக்குச் சூடு என்று பொருள் போட்டு, அதற்குக் கீழேயே விருப்பம் என்றும் போட்டிருந்தது. வெஃகல் அதற்கு உறவா என்று தமிழம்மாவிடம் ஓடினேன். இருக்கலாம், பார்க்க வேண்டும் என்றார். வயிற்றெரிச்சல் என்று நீ சொன்னதும் சூடுதானே என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. மேடையில் பொறாமையைப் பற்றி நன்றாகப் பேசினேன். கை தட்டினார்கள். வெஃகலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நேரம் போதவில்லை என்று உன்னிடம் சொன்னேன். நேரம் இருந்தது. அந்தச் சொல்லை உரக்கச் சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும் என்று பயமாக இருந்தது.

நீ அமாவாசைக்கு மறுநாள் வகுப்புக்கு வரும்போது காதுக்குப் பின்னால் மை தீற்றியிருக்கும். பின்னலுக்குள் கல் உப்பு ஒன்று மாட்டியிருக்கும். "இன்னா பண்றது, எங்கம்மாவுக்கு நான்தான் ஒலக அழகி. எலும்புக்கூட்டுக்கு எவன் கண்ணு வெக்கப் போறான்?" என்று நீயே தலையைத் தட்டி உப்பை உதறுவாய். பெஞ்சில் விழும் அந்த உப்பை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

என் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தேனியிலிருந்து வந்து, கடன் வாங்கி மனை வாங்கி, மதுராந்தகத்தில் வீடு கட்டினார்கள் அப்பாவும் அம்மாவும். இருவருக்கும் ஐ.டி. வேலை. எனக்குத் தனி அறை, மேசை, ஒரு சுவர் நிறையப் புத்தகம். ஆனால் என் மேல் யாராவது கண் வைத்துவிடுவார்கள் என்று யாரும் பயந்ததில்லை. உலகமே பொறாமைப்படுகிற அளவுக்கு என் மகள் இருக்கிறாள் என்று ஒருவர் நினைத்து, கை நிறைய உப்பை எடுத்து என்னைச் சுற்றிக் காவல் போட்டதில்லை.

ஒரு நாள் கேட்டே விட்டேன். "அம்மா, எனக்குச் சுத்திப் போடேன்."

லேப்டாப்பிலிருந்து அம்மா நிமிர்ந்தார். "ஏன், என்ன செய்யுது? காய்ச்சலா? அந்தத் தெர்மாமீட்டரை எடு."

"காய்ச்சல் இல்ல. திருஷ்டி."

"படிக்கிற பிள்ளை பேசற பேச்சா இது?" என்று சிரித்துவிட்டு, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி வேலைக்குப் போனார். என் அம்மா நல்லவர். தொட்டுப் பார்த்தாரே. எனக்கு அது போதவில்லை.

அதன் பிறகுதான் சனிக்கிழமைகளில் கருங்குழியில் இறங்கி உன் வீட்டுக்கு வரத் தொடங்கினேன். கணக்குப் பாடம் உன்னிடம் கேட்க வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். ரோட்டோரம் உன் அம்மாவின் நாஸ்தா கடை, பின்னால் வீடு. முதல் நாள் நான் "ஆன்ட்டி" என்றதும் உன் அம்மா கரண்டியை உயர்த்தினார். "இன்னா ஆன்ட்டி கீன்ட்டி? அத்தைன்னு கூப்டு. வா, துன்னுட்டு அப்பறம் படிங்க."

அமாவாசையாக வந்த ஒரு சனிக்கிழமை என்னையும் போகவிடவில்லை. "ரெண்டு பேரும் கெழக்க பாத்து குந்துங்க" என்று நம்மை ஒட்டி உட்கார வைத்தார். கையில் கல் உப்பு, காய்ந்த மிளகாய், கடுகு, வாசல் மண். சுற்றத் தொடங்கினார்.

"ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, வந்த கண்ணு, போன கண்ணு, எதுத்த வூட்டுக் கண்ணு, பஸ்ஸுல பாத்த கண்ணு, கண்டக்டரு கண்ணு..."

நீ சிரித்துவிட்டாய். "கண்டக்டரு இன்னாமா பண்ணாரு?"

"வாய மூடு. டிக்கெட் குடுக்க சொல்ல பாத்துக்கினே இருப்பான்." கை நிற்காமல் சுற்றியது. "டீச்சருங்க கண்ணு, கூட படிக்கிறதுங்க கண்ணு, எல்லாத்துக்கும் கடசில ஏங் கண்ணு. துப்புங்க."

மூன்று முறை துப்பினோம். விறகடுப்பில் கொண்டுபோய்க் கொட்டினார். உப்பு படபடவென்று வெடித்தது. நெடி வரவில்லை. கொஞ்சம் கூட வரவில்லை. உன் அம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். "தபாரு! மூக்க ஒறிஞ்சினாக்கூட வர்ல. எம்மாங் கண்ணு பட்டு கீது பாரு பொண்ணுங்க மேல."

நீ என் விலாவில் இடித்தாய். "உன்னிய பாத்துதான்டி ஊரே காண்டாவுது."

நான் சிரிக்க முயன்றேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்தது அது என்று என் அம்மா சொல்லியிருப்பார். எனக்கும் அது தெரியும். ஆனாலும் முகம் சூடாகிவிட்டது. உன்னைக் காக்கப் போட்ட வட்டத்துக்குள் உன் தோளை ஒட்டி நான் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா சொன்ன கண்களில் ஒன்று வட்டத்துக்குள்ளேயே இருந்தது. உனக்குக் கெட்டது நடக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. இதை மட்டும் நம்பு. உன் அம்மா உனக்கு இருப்பதை என்னால் தாங்க முடிந்தது. அதனால் அது பொறாமை இல்லை. அவர் எனக்கும் வேண்டும் என்றிருந்தது. அது வெஃகல். சொல்லைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அன்று இரவு ஒரு திருப்தி வந்ததே, அதை நினைத்தால் இன்று எனக்கே பிடிக்கவில்லை.

பிறகு மாமல்லபுரம். பள்ளியில் நம்மை அழைத்துப் போனார்கள். நான் பல்லவர் காலத்தைப் பற்றி எழுதி வந்த குறிப்பை எல்லோருக்கும் படித்துக் காட்ட ஆசையாக இருந்தேன். கடற்கரைக் கோயிலைத் தாண்டியதும் நீ பையிலிருந்து காலி தண்ணீர் பாட்டிலை எடுத்தாய். வீட்டில் தெளிக்கக் கடல் தண்ணீர் கேட்டிருந்தார் உன் அம்மா. முழங்கால் வரை இறங்கி, அலை வரும்போது பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தாய். பி.டி. மிஸ் விசில் ஊதினார்.

"ஏய், யாருடி அது தண்ணிக்குள்ள? வெளிய வா!"

"வந்துகினே கீறேன் மிஸ்! அல போட்டாத்தான் ரொம்புது!"

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார். நான் என் குறிப்புத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, என் பாட்டிலில் இருந்த நல்ல தண்ணீரை மணலில் கொட்டினேன். நானும் இறங்கிப் பிடித்தேன். "உனுக்கு இன்னாத்துக்கு?" என்றாய். "எங்க அம்மாவும் கேட்டாங்க" என்றேன். நீ நம்பினாய். மூடியை இறுக்கிக் கொடுத்தாய்.

வீட்டில் அம்மா அந்தப் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது எதுக்கு? செடிக்கு ஊத்தினா செடி செத்துப்போகுமே." இரண்டு நாள் சமையல் மேடையில் இருந்தது. அப்புறம் சிங்கில் கொட்டினார். அடியில் கொஞ்சம் மணல் தங்கியது. குழாயைத் திறந்து அதையும் கழுவினார். நான் பக்கத்தில் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. உன் அம்மா சுற்றியும் போட்டார், அன்றே டாக்டரிடமும் கூட்டிப் போனார். கொசுக் காய்ச்சல் என்று செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்பாவுடன் பார்க்க வந்தேன். நர்சுகளும் டாக்டர்களும் உன் கட்டிலுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். உன் உதடு காய்ந்திருந்தது. கட்டிலுக்குக் கீழே தரையில் உன் அம்மா, சேலைத் தலைப்பில் திருநீறு முடிந்துகொண்டு.

"வூட்டுக்குப் போயி கொஞ்ச நேரம் படுன்னா கேக்க மாட்டேங்குது" என்றாய் என்னிடம். "நீ சொல்லு அகராதி. நீ சொன்னா கேக்கும்."

நான் சொன்னேன். அவரும் எழுந்து முகம் கழுவி, என் அப்பா வாங்கி வந்த டீயைக் குடித்தார். நீ சொன்னா கேக்கும் என்று நீ சொன்னதில், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. உன் கையில் ஊசி குத்தியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த ஒன்றை யாரிடமும் நான் சொன்னதில்லை.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நம் வகுப்பே வந்திருந்தது. மழையில் ஷாமியானா தொங்கியது. உன் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு கேட்டதையே கேட்டார். "யாரு கண்ணு பட்டுச்சோ எம் பொண்ணு மேல... யாரு கண்ணு பட்டுச்சோ..." எந்த அம்மாவும் அப்படித்தான் அழுவார் என்று எனக்குத் தெரியும். அவர் யாரையும் குறித்துக் கேட்கவில்லை. ஆனால் நான் முன் வரிசையிலிருந்து மெல்லப் பின்னால் நகர்ந்து, உயரமான பெண்களுக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கேயும் குரல் வந்தது. "அந்த சாமிக்கே பொறுக்கலியே." பொறுக்கவில்லை. நான் மேடையில் பிரித்துக் காட்டிய அந்த வேர். உன் அம்மாவுக்கு அது வேர் என்று யாரும் சொல்லவில்லை. கடவுளுக்கும் பொறாமை வரும் என்று அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். கை தட்டல் வாங்கினேனே என்று கூசியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாதது.

நான் சனிக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. துணையாக இருக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மா என் தலையைத் தடவி, "நல்ல பிள்ளை" என்றார். உன் அம்மாவும் முதலில் நான் வருவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டுக் கழுவினேன், சட்னிக்குத் தேங்காய் திருகினேன். மத்தியானம் கடை ஓய்ந்ததும் அவர் என் தலைக்கு எண்ணெய் வைத்து வாருவார். உன் சீப்பு. நீ உட்காரும் அதே இடம், கதவுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில். முதல் தடவை அங்கே உட்காரும்போது என் கால்கள் தயங்கின. அடுத்த தடவை தயங்கவில்லை. தையும் மாசியும் அப்படியே போயின. சுற்றிப் போடுவதை மட்டும் உன் அம்மா விட்டுவிட்டார். அமாவாசை வந்தது, போனது. நான் ஒவ்வொன்றையும் காலண்டரில் பார்த்து வைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்த உன் அம்மா உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பழக்கத்தில் வந்துவிட்டது. உள்ளே இருந்தது நான். நான் சும்மா இருந்திருக்கலாம். "அத்தை" என்று என் குரலில் சொல்லியிருக்கலாம்.

"இன்னாமா?" என்றேன்.

உன் மாதிரியே. உன் இழுப்பில். யோசித்துச் செய்யவில்லை, ஆனால் நாக்கு அதற்குத் தயாராக இருந்தது. உன் அம்மா துணியோடு வாசற்படியில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். துணிகளைக் கட்டிலில் போட்டு ஒவ்வொன்றாக மடித்தார். அன்று என் தலையை வாரவில்லை.

பரீட்சை முடிந்தது. ரிசல்ட் வந்தபோது நம் பள்ளியில் நான் முதல். செங்கல்பட்டில் ஸ்வீட் வாங்கிக்கொண்டு நேராகக் கருங்குழியில் இறங்கினேன். வீட்டுக்குக் கூடப் போகவில்லை. என் அம்மாவிடம் போனில்தான் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. இவ்வளவு மார்க்குக்கு எவ்வளவு கண் படும்! இன்றைக்காவது உன் அம்மா கையில் உப்பை எடுப்பார் என்று வந்தேன்.

கடையில் கூட்டம் இல்லை. டப்பாவை நீட்டினேன். மார்க்கைச் சொன்னேன்.

"ஷோக்கு" என்றார். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "எம் பொண்ணு பாஸாயிருப்பாளா?"

"கணக்குல என்னையவே தாண்டியிருப்பா, அத்தை."

"ம்." ஈரத்துணியால் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல் பேசினார். "தப்பா நெனைக்காத பாப்பா. உன்னப் பாத்தா வவுறு எரியுது."

துணியை மேசை ஓரத்தில் வைத்தார்.

"நீ நல்ல பொண்ணு. இன்னும் படிப்ப, வேலைக்குப் போவ, கண்ணாலம் கட்டிப்ப. சனிக்கெழம சனிக்கெழம நீ வர சொல்ல வாசல்ல நெழலு வுழும். அவதான்னு நெஞ்சு ஓடும். நிமிந்து பாத்தா நீ கீற. நீ இருக்கியே, அவ இல்லியேன்னு தோணுது. பொறுக்க முடியல பாப்பா. பெத்த வவுறு இப்பிடியா நெனைக்கும்னு எனுக்கே அசிங்கமா கீது."

அப்புறம் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் உப்பு. மிளகாய் இல்லை, கடுகு இல்லை. "உக்காரு" என்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். என் தலையைச் சுற்றிக் கை போனது. ஊரு கண்ணு இல்லை, உறவு கண்ணு இல்லை. "ஏங் கண்ணு... ஏங் கண்ணு... ஏங் கண்ணு..." என்று அது ஒன்றையே சொல்லிக்கொண்டு சுற்றினார். விரலிடுக்கிலிருந்து உப்பு என் முடியில் விழுந்தது.

ஆசைப்பட்டேன் அல்லவா? என்னைப் பார்த்து ஒருவர் பொறாமைப்பட வேண்டும், என்னைக் காக்க ஒருவர் உப்பெடுக்க வேண்டும் என்று? இரண்டும் ஒரே நாளில் கிடைத்தன. இரண்டையும் கொடுத்தது ஒரே ஆள்.

"அத்தை" என்றேன். "எனக்கும் அவமேல கண்ணு இருந்துச்சு. ஒங்க வீட்டைப் பாத்து ஏங்கிப் போயிருக்கேன்."

கை நின்றது. "உனுக்கா?" உன் அம்மாவுக்கு மெய்யாகவே புரியவில்லை. ஓட்டுக் கூரையையும் அடுப்பையும் பெஞ்சையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "எங்கூட்ல இன்னா கீதுன்னு?"

அவர் மூடியிருந்த கையைப் பார்த்தேன். பதில் எனக்குத் தெரியும். சொன்னால், அவரிடம் மிச்சமிருப்பதையும் கேட்டு நிற்பது போல் ஆகிவிடும். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் உப்பைக் கொண்டுபோய்த் தண்ணீர் வாளியில் போட்டார். கையைக் கழுவினார்.

"கொஞ்ச நாளு வராத பாப்பா. மனசு ஆறட்டும். நானே சொல்லி அனுப்புறேன்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். அப்புறம் என் தலையைப் பார்த்து, "இது என்ன, உப்பா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் விரலால் ஒவ்வொன்றாக எடுத்தார். நான் அசையாமல் நின்றேன்.

பதினொன்றாம் வகுப்பு தொடங்கிவிட்டது. புதிய தமிழம்மா. 'இன்று ஒரு சொல்' தொடர்கிறது. என் முறை வந்தால் எந்தச் சொல் வேண்டும் என்று கேட்டார். வெஃகல் என்றேன். பிறருக்கு உரியதை விரும்புதல் என்று அகராதி சொல்கிறது. சரிதான். அந்தப் பிறர் இல்லாமல் போன பிறகும் அது அவருக்கு உரியதுதான் என்று அகராதியில் போடவில்லை. காலியான இடம் என்று நினைத்து நான் போய் உட்கார்ந்தேன். அது காலியாகவே இல்லை. உன் அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நடுவில் மறைத்துக்கொண்டிருந்தேன். மேடையில் இதையெல்லாம் சொல்ல மாட்டேன். உன்னிடம் சொல்லிவிட்டேன்.

உன் அம்மாவிடமிருந்து இன்னும் ஆள் வரவில்லை. வரச் சொன்னாலும் எந்த முகத்தோடு போவேன் என்று தெரியவில்லை. காலையில் பஸ் கருங்குழியை நெருங்கும்போது கடை என் ஜன்னல் பக்கம்தான் வரும். அவர் நிமிர்ந்தால் என்னைப் பார்ப்பார்: யூனிஃபார்ம், பை, உயிரோடு ஒரு பெண். அதனால் பஸ் வேகம் குறையும்போதே நான் ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி குனிந்துகொள்கிறேன். பக்கத்தில் உட்காரும் அக்கா நேற்று கேட்டார், "டெய்லி இன்னாம்மா தேடற கீழ?" ஒன்றும் இல்லை என்றேன். குனிந்திருக்கும்போது உன் அம்மாவின் குரல் மட்டும் ஜன்னல் வழியாக வரும். "இன்னும் ரெண்டு வெக்கட்டா?" என்று யாரையோ கேட்டுக்கொண்டிருப்பார். பஸ் கிளம்பி அந்தக் குரல் பின்னால் போகிற வரைக்கும் நான் நிமிர்வதில்லை.